மேடேறிய நீர் – 12: தானே சாத்திக்கொண்ட கதவு

சென்ற வாரம் பதினான்காம் லூயியின் மார்லி இயந்திரத்தோடு நிறுத்தியிருந்தோம். சேன் ஆற்றின் ஓரத்தில் 14 ராட்சதச் சக்கரங்கள். 200க்கும் மேற்பட்ட பம்புகள். சரிவு நெடுக இரும்புத் தண்டுகள் எழுப்பிய ஓயாத கிறீச்சொலி. ஆற்றிலிருந்து 150 மீட்டருக்கும் மேலே நீர் ஏறியது. யார் குடிக்க? யாரும் குடிக்க இல்லை. வெர்சாய் தோட்டத்தில் நீரூற்றுகள் பீய்ச்சியடிக்க.

ஏற்றத்தில் மனிதன் நடந்தான். கமலையில் மாடு நடந்தது. மார்லியில் ஆறே உழைத்தது என்றாலும் அந்த உழைப்பை வாங்க ஒரு பேரரசனின் கஜானா வேண்டியிருந்தது. தேய்ந்ததை மாற்ற, உடைந்ததை ஒட்ட, எண்ணெய் விட என்று ஒரு படையே அங்கே குடியிருந்தது.

சாதாரண வீட்டுக்காரன் என்ன செய்வான்? வீடு மேட்டில். ஓடை பள்ளத்தில். குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்களும் வேலைக்காரர்களும் ஏறி இறங்குவதைத் தவிர அவனுக்கு வழியே இல்லையா?

வழி பிறந்தது. அதுவும் எல்லோரும் தொல்லை என்று திட்டிக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து.

* * *

வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பழைய கட்டடம் என்றால் குழாயே ஒருமுறை அதிரும்.

100 மீட்டர் நீளமுள்ள 2 அங்குலக் குழாய்க்குள் 200 கிலோவுக்கும் மேல் தண்ணீர் இருக்கிறது. அது அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்வாசலை அடைத்தால், பின்னால் வரும் நீர் எங்கே போகும்? தண்ணீரைப் பஞ்சுபோல அமுக்க முடியாது. ஓட்டத்தின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் அழுத்தமாக மாறிக் குழாயின் சுவரில் அறைகிறது. இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், 100 மீட்டருக்கும் மேல் உயரமான நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஒரு நொடிப்பொழுது பிறந்து மறையும்.

அந்தக் காலத்துக் குழாய்களோ ஈயத்தால் ஆனவை. ஈயம் இதைத் தாங்காது. வீங்கும், பிளக்கும்.

பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றி 19ஆம் நூற்றாண்டுப் பொறியியல் நூல்களில் ஒரு கதை உண்டு. நடு மாடியிலிருந்த தொட்டியிலிருந்து கீழே சமையற்கட்டுக்கு ஈயக் குழாய் போட்டார்கள். குழாயை மூடும்போதெல்லாம் அது வெடித்தது. பிளம்பர் ஒட்டுப் போட்டார், மறுபடி வெடித்தது. அலுத்துப்போனவர் ஒரு தந்திரம் செய்தார். திருகுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு குழாயை ஒட்டி, அதன் வாயைத் திறந்தபடியே, தொட்டியின் மட்டம் வரை நிமிர்த்தி வைத்தார். அழுத்தம் அந்த வழியாகத் தப்பிக்கட்டும் என்பது கணக்கு.

குழாய் வெடிக்கவில்லை. ஆனால் கீழே திருகை மூடியதும் சிறு குழாயின் வாயிலிருந்து தண்ணீர் தொட்டியைவிட உயரமாகப் பீய்ச்சியது! குழாயை நீட்டினார், பீய்ச்சியது. தொட்டியின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு வரை நீட்டினார். அப்போதும் அவ்வப்போது நீர் எட்டிப் பார்த்தது. கடைசியில் மேல்மாடியிலேயே ஒரு தொட்டியைக் கட்டி, தானாக ஏறி வரும் அந்த நீரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பிளம்பரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. காப்புரிமை வரலாறுகளில் அவருக்கு இடமும் இல்லை. எனக்கென்னவோ இந்தக் கதையின் முதல் நாயகர் அவர்தான்.

* * *

இரண்டாம் நாயகருக்குப் பெயர் உண்டு. ஜான் வைட்ஹர்ஸ்ட். 1713இல் இங்கிலாந்தின் காங்கிள்டன் ஊரில் பிறந்து, டார்பி நகரில் கடை வைத்த கடிகாரக்காரர். பற்சக்கரமும் வில்லும்தான் தொழில் என்றாலும் நிலத்தடிப் பாறை அடுக்குகள் முதல் காற்றின் அழுத்தம் வரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தவர்.

அவருடைய நண்பர் வட்டம் லேசுப்பட்டதல்ல. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், நிலா வெளிச்சத்தில் வீடு திரும்ப வசதியாகக் கூடிப் பேசியதால் 'லூனார் சொசைட்டி' என்று பெயர் பெற்ற கூட்டம் அது. நீராவி இயந்திரத்தின் ஜேம்ஸ் வாட், அவருடைய தொழில் கூட்டாளி மேத்யூ போல்டன், பீங்கான் வியாபாரி ஜோசையா வெட்ஜ்வுட், சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் எல்லோரும் அதில் உண்டு. இவர்களில் போல்டனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் திரும்பி வருவார்.

1772. செஷயர் மாவட்டத்தின் ஓல்டன் என்ற இடத்தில் ஃபிலிப் எகர்ட்டன் என்ற பெருநிலக்கிழாரின் மாளிகை. (பின்னாளில் 1926ஆம் ஆண்டுத் தீ விபத்தில் அழிந்தது. இன்று அந்த மண்ணில் கார்ப் பந்தயம் நடக்கிறது.) அங்கே பீர் காய்ச்சும் கூடத்துக்கும் மற்ற வேலையறைகளுக்கும் உயரத்தில் ஒரு தொட்டியை நிரப்ப வேண்டும்.

வைட்ஹர்ஸ்ட் செய்தது இதுதான். உயரத்திலுள்ள ஊற்றிலிருந்து வீட்டுக்கு வரும் நீண்ட குழாய் ஏற்கெனவே ஒரு திருகில் முடிகிறது. அந்தத் திருகுக்குச் சற்று முன்னால் ஒரு கிளை. கிளையில் ஒரே பக்கம் திறக்கும் வால்வு. இன்று நம் பிளம்பர்கள் நான்-ரிட்டர்ன் வால்வு என்பார்களே, அதேதான். வால்வைத் தாண்டி, காற்று அடைத்த ஒரு கலம். கலத்திலிருந்து மேல்தொட்டிக்கு ஒரு குழாய்.

சமையற்கட்டு ஆட்கள் தண்ணீர் பிடிக்கத் திருகைத் திறப்பார்கள், பாத்திரம் நிறைந்ததும் மூடுவார்கள். மூடும் ஒவ்வொரு முறையும், ஓடி வந்த நீர் முட்டி, வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு காற்றுக் கலத்துக்குள் பாயும். அமுக்கப்பட்ட காற்று அந்த நீரை நிதானமாக மேலே தள்ளும். இப்படிச் சுமார் 16 அடி உயரத்துக்கு நீர் ஏறியது. கீழே யாரோ பாத்திரம் கழுவ, அவர்களுக்கே தெரியாமல் மேலே தொட்டி நிறைந்தது.

லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1775இல் இதை விவரித்து எழுதினார் வைட்ஹர்ஸ்ட். காப்புரிமை எதுவும் எடுக்கவில்லை. 1783இல் அயர்லாந்தில் இன்னொன்றை நிறுவினார். 1788இல் இறந்துபோனார்.

அவர் இயந்திரத்தில் ஒரே ஒரு குறை. அதற்கு ஒரு கை வேண்டும். யாராவது திருகைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும். நள்ளிரவில் வேலைக்காரர்கள் தூங்கினால் இயந்திரமும் தூங்கும்.

* * *

இனி பிரான்சு.

ஜோசஃப் மோங்கோல்ஃபியே என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திலேயே பார்த்திருப்பீர்கள். 1783 ஜூன் 4 அன்று அன்னோனே ஊரின் திடலில் வெப்பக்காற்று பலூனை ஏற்றிய சகோதரர்களில் மூத்தவர். செப்டம்பரில் வெர்சாயில் அரசன் முன்னிலையில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். நவம்பரில் மனிதர்கள். ஒரே ஆண்டில் உலகப் புகழ்.

புகழ் போனபிறகு என்ன ஆனார் என்பதைத்தான் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

பதினாறு பிள்ளைகள் பிறந்த வீட்டில் பன்னிரண்டாமவர் ஜோசஃப். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போன பிள்ளை. தம்பி எத்தியேன் கணக்கு வழக்கில் கெட்டி. அண்ணனோ கனவு காண்பவர், வியாபாரத்தில் கோட்டை விடுபவர். குலத்தொழில் காகிதம். காகித ஆலைக்கு மரத்தைவிட, கந்தலைவிட முதலில் வேண்டியது தண்ணீர். அந்நாளில் கந்தல் துணியை நொதிக்க வைத்து, அலசி, இடித்துக் கூழாக்கித்தான் காகிதம் செய்தார்கள். அலசும் நீர் கலங்கலாக இருந்தால் காகிதமும் கலங்கலாகும். நல்ல நீர், நிறைய நீர், இரவும் பகலும் வேண்டும்.

1796. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், வுவாரோன் ஊரில் அவருடைய ஆலை. கீழே ஓடும் நீரை மேலே இருக்கும் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டும்.

மின்சாரம் என்பது அன்று ஆய்வுக்கூட வேடிக்கை. வோல்ட்டா தன் மின்கலத்தை அறிவிக்கவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. நீராவி இயந்திரம் வாங்கலாம். ஆனால் அதன் தாயகம் இங்கிலாந்து. 1793 முதல் இங்கிலாந்தோடு போர் நடக்கிறது. வாங்கினாலும் நிலக்கரிக்கு எங்கே போவது?

ஜோசஃபின் மூளை வேறு திசையில் ஓடியது. திருகை மூட ஒரு கை வேண்டும் என்று யார் சொன்னது? ஓடுகிற நீரே தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளக் கூடாதா?

* * *

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வாரம் நடந்து வந்திருக்கிறோம்.

சரிவான குழாய் ஒன்று ஓடையிலிருந்து இறங்கி வருகிறது. அதன் முனையில் ஒரு வால்வு. கனமானது. தன் எடையால் கீழே தொங்கித் திறந்தே கிடக்கிறது. தண்ணீர் அதன் வழியே வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவனுக்கு வீண். ஓட்டைக் குழாய்.

ஆனால் நீர் வேகம் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்க, வால்வை அடியிலிருந்து தூக்கும் விசை கூடுகிறது. எடைக்கும் விசைக்கும் மல்லுக்கட்டு. ஒரு கட்டத்தில் விசை ஜெயிக்கிறது. வால்வு மேலெழும்பிப் படாரென்று மூடுகிறது.

கதவு சாத்தியாயிற்று. ஓடி வந்த நீர் முட்டுகிறது. பிரிஸ்டலில் ஈயத்தைப் பிளந்த அதே அழுத்தம். இங்கே அதற்கு ஒரு வழி காத்திருக்கிறது: இரண்டாவது வால்வு. அதைத் தள்ளித் திறந்துகொண்டு ஒரு கை நீர் காற்றுக் கலத்துக்குள் நுழைகிறது. வந்த வேகம் செலவாகிவிட்டது. இரண்டாவது வால்வு மூடிக்கொள்கிறது. உள்ளே போன நீர் திரும்ப முடியாது. குழாய்க்குள் நீர் ஒரு கணம் பின்வாங்குகிறது. அழுத்தம் விழுகிறது. முதல் வால்வைத் தூக்கிப் பிடிக்க இப்போது யாருமில்லை. அது தன் எடையால் கீழே விழுகிறது. கதவு திறந்தாயிற்று.

நீர் மறுபடி ஓடத் தொடங்குகிறது. மறுபடி வேகம். மறுபடி படார்.

நிமிடத்துக்கு 40, 60 தடவை. இரவு, பகல். கை இல்லை, மாடு இல்லை, சக்கரம் இல்லை, கரி இல்லை. அசையும் உறுப்புகள் மொத்தம் இரண்டே இரண்டு வால்வுகள்.

முட்டி முட்டி வேலை செய்யும் இந்த இயந்திரத்துக்கு ஆட்டுக்கடாவின் பெயரையே வைத்தார் ஜோசஃப். ஆங்கிலத்தில் அது ஹைட்ராலிக் ராம் ஆயிற்று. நாமும் ராம் பம்பு என்றே அழைப்போம்.

இது மாயமல்ல. இலவசமும் அல்ல. கொட்டிப் போகும் நீர்தான் விலை. ஒரு கணக்கு: ஓடை நீர் 2 மீட்டர் இறங்கி வருகிறது, அதை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பத்து மடங்கு உயரம். உராய்வே இல்லாத உலகில் நூற்றுக்குப் பத்து லிட்டர் ஏறும். நம் உலகில் ஐந்து முதல் ஏழு. மீதி ஓடைக்கே திரும்பிவிடும். நிமிடத்துக்கு 60 லிட்டர் வரும் ஓடை என்றால் மூன்றரை லிட்டர்போல ஏறும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். பொழுது விடிந்து பொழுது விடிவதற்குள் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகள் ஐந்து நிறைந்திருக்கும்.

பெரிய விசையால் ஒரே மூச்சில் தூக்குவது மார்லியின் வழி. சிறு விசையால் ஓயாமல் தூக்குவது வுவாரோனின் வழி. வீட்டுக்கு ஏற்றது இரண்டாவதுதான் என்று சொல்லவும் வேண்டுமா?

* * *

1797. ஜோசஃபும் அவருடைய நண்பர் ஏமே அர்கானும் பிரான்சில் காப்புரிமை பெறுகிறார்கள். ஜெனீவாக்காரரான அர்கான், புகையில்லாமல் பிரகாசமாக எரியும் எண்ணெய் விளக்கைக் கண்டுபிடித்தவர். 1783இல் பலூன் வேலைகளில் மோங்கோல்ஃபியே குடும்பத்துக்குத் தோள் கொடுத்தவர். தன் விளக்கை விற்க இங்கிலாந்துக்குப் போய், வழக்காடு மன்றத்தில் தோற்றவர். அந்த விளக்கை அங்கே தயாரித்துக் கொடுத்தது யார்? பர்மிங்காம் நகரத்து மேத்யூ போல்டன்.

1797 டிசம்பர் 13. லண்டனில் இன்னொரு காப்புரிமை பதிவாகிறது. நீரை ஏற்றும் புதிய முறை. பதிவு செய்தவர் பெயர், மேத்யூ போல்டன்.

போரில் இருக்கும் இரண்டு நாடுகள். ஒரே இயந்திரம். ஒரே ஆண்டு. ஊர் பேசத் தொடங்கியது. 'இது ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு, பிரெஞ்சுக்காரர் சுட்டுவிட்டார்' என்றது ஒரு தரப்பு. வைட்ஹர்ஸ்டின் பழைய கட்டுரையை வேறு சிலர் தூசி தட்டினார்கள்.

ஜோசஃபுக்குக் கோபம் வந்தது. சில ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சுச் சுரங்கவியல் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் பதில் சொன்னார். கண்டுபிடிப்பு தன்னுடையது மட்டுமே. யாரும் தனக்கு யோசனை தரவில்லை. அது இங்கிலாந்தில் பிறந்ததல்ல, முழுக்க பிரான்சுக்கே சொந்தம். பிறகு ஓர் உண்மையையும் ஒப்புக்கொண்டார்: தன் சம்மதத்தோடு ஒரு நண்பர் வரைபடங்களின் நகலை வாட்டுக்கும் போல்டனுக்கும் அனுப்பினார், லண்டன் காப்புரிமையில் இருப்பவை அந்த வரைபடங்களேதான், போல்டனும் அதை மறுக்கமாட்டார்.

அந்த நண்பர் யார் என்று ஜோசஃப் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான ஒருவரை நாம் இப்போதுதான் சந்தித்தோம். என் சந்தேகம் அர்கான்மீதுதான்.

ஜோசஃப் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வுவாரோனில் இருந்த காகித ஆலைக்காரர், இருபது வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில ஆய்விதழைத் தேடிப் படித்திருப்பார் என்று நம்புவது கடினம். படித்தே இருந்தாலும், தானே மூடும் வால்வு அதில் இல்லை. வைட்ஹர்ஸ்ட் நீரின் முட்டலைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார். மனிதக் கையை விலக்கியவர் ஜோசஃப். வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் கதையில் அதுதான் பெரிய தாண்டல்.

எனக்குப் புதிராக இருப்பவர் போல்டன். பௌர்ணமி இரவுகளில் வைட்ஹர்ஸ்டோடு உட்கார்ந்து பேசியவர். அவரிடம் கடிகார உள்பொறிகள் வாங்கியவர். ராயல் சொசைட்டியின் உறுப்பினர். ஓல்டன் மாளிகையின் குழாய் விஷயம் அவர் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? வாட்டின் நீராவிக் காப்புரிமை 1800இல் காலாவதி ஆகப்போகிறது என்ற கவலை அவருக்கு அப்போது இருந்திருக்கும். இறந்த நண்பரை அவர் மறந்தாரா, அல்லது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வால்வு என்று அவரும் நினைத்தாரா?

* * *

வழக்கு பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, வேறொருவர் அளக்கத் தொடங்கினார். பெர்லினில் யோஹான் ஆல்பர்ட் ஐட்டல்வைன் என்ற பொறியாளர். குழாயின் நீளம், வால்வின் எடை, ஏற்றும் உயரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து 1805இல் வெளியிட்டார். உயரத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள விகிதம் கூடக் கூட இயந்திரத்தின் திறன் எப்படித் தேய்கிறது என்பதற்கு அவர் தந்த சூத்திரத்தைப் பொறியாளர்கள் நூறாண்டுக்கு மேல் கையில் வைத்திருந்தார்கள்.

பாரிசுக்கு வந்துவிட்ட ஜோசஃபுக்கு இந்த ஆண்டுகளில் மரியாதைகள் குவிந்தன. தொழிற்கலை அருங்காட்சியகத்தில் பதவி, நெப்போலியன் கையால் விருது, 1807இல் அறிவியல் கழக உறுப்பினர் பதவி. 1810 ஜூனில், பலாருக் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் சிகிச்சைக்குப் போன இடத்தில் இறந்தார்.

அவர் விட்டுப்போன இயந்திரத்தில் ஒரு நோய் இருந்தது.

நிறுவிய புதிதில் ராம் பம்பு மெத்தென்று துடிக்கும். வாரங்கள் போகப் போகச் சத்தம் மாறும். துடிப்பு இடியாகும். குழாய் அதிரும், மூட்டுகள் கசியும், மேல்தொட்டிக்குப் போகும் நீர் திக்கித் திக்கி வரும். அப்படியே விட்டால் ஒருநாள் வார்ப்பிரும்பே விரிசல் விடும். பிரித்துப் பார்த்தால் வால்வுகள் நன்றாக இருக்கும். குழாயில் அடைப்பு இருக்காது. மறுபடி பூட்டினால் சில வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு அதே இடி.

குற்றவாளி காற்றுக் கலத்தில் இருந்தது. சரியாகச் சொன்னால், இல்லாமல் போயிருந்தது. கலத்தில் அடைபட்ட காற்றுதான் முட்டலை வாங்கிக்கொள்ளும் மெத்தை. அழுத்தம் கூடினால் காற்று நீரில் அதிகம் கரையும். ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே வரும் புது நீர் சிறிது காற்றைக் கரைத்துக்கொண்டு மேல்தொட்டிக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலம் முழுக்க நீராகும். மெத்தை போனதும் அடி நேரே இரும்பில் விழும்.

சில வாரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, கலத்தை வடித்து, காற்று நிரப்பலாம்தான். ஆனால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். எந்தக் கையை ஜோசஃப் விலக்கினாரோ அதே கை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த நோய்க்கு மருந்து தேடியவர் அவருடைய மகன் பியேர் ஃபிரான்சுவா. அவர் முன்னால் இருந்த முடிச்சு இதுதான். காற்றுக் கலத்துக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எத்தனையோ மடங்கு. ஒரு துளை போட்டால் உள்ளே இருப்பதுதான் வெளியே சீறும். அப்படியிருக்க, இயந்திரத்தை நிறுத்தாமல், இன்னொரு பம்பு வைக்காமல், யாரும் கிட்டே போகாமல், வெளிக்காற்று தானாகவே அந்தக் கலத்துக்குள் எப்படிப் போகும்?

(தொடரும்)